மருந்தடித்தவருக்கு வாயில் நுரை வந்தால் மூச்சுப்பாதையைக் காப்பது எப்படி?

ஆடிப்பட்டத்துப் பருத்தி காய் பிடிக்கும் நாள்களில் ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பகுதிகளில் மருந்தடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி கண்டுவிட்டால் அங்கும் இதே வேலைதான். தெளிப்பான் முதுகில் ஒழுகும். காற்று திசை மாறி முகத்தில் அடிக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவாரும் உண்டு.

காலையிலிருந்து அடித்துவிட்டு வரப்பில் வந்து உட்காரும் ஆள் தலை சுற்றுகிறது என்பார். வியர்வை கொட்டும், கண் மங்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் கொரகொரப்பு, பிறகு வாயில் நுரை. வீட்டார் பதறிப்போய் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ வாயில் ஊற்றி, மொபெட்டில் இரண்டு பேருக்கு நடுவே இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பார்கள். தலை முன்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். போய்ச் சேரும்போது மூச்சு நின்றிருக்கும். நஞ்சு ஏறிச் செத்தார் என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சு ஏறியது மெய்தான். ஆனால் பல சமயங்களில் கடைசியில் உயிரை வாங்குவது, மூச்சுப்பாதையில் தேங்கிய எச்சிலும் சளியும் வாந்தியுமே. தண்ணீரில் மூழ்கியவர் எப்படி இறக்கிறாரோ அப்படியே இவரும் தரையில் கிடந்தபடி மூழ்கிப் போகிறார்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் சேலத்துக்கு அண்டை மாவட்டமான பெரம்பலூரிலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். ஆகவே இது எங்கோ நடக்கும் சங்கதி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

நுரை எங்கிருந்து வருகிறது?

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ், அசிபேட் போன்றவை ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த பூச்சி மருந்துகள். இவற்றுள் மோனோகுரோட்டோபாஸ் 36 சதத் திரவத்தைக் கைவிடும்படி மத்திய அரசு 2023இல் உத்தரவிட்டது. ஆனாலும் பழைய பாட்டில் மோட்டார் ரூமின் மூலையில் கிடக்கலாம்.

நம் உடம்பில் நரம்பு ஓர் உத்தரவு கொடுக்கும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதை அழித்துவிடும். மேற்சொன்ன மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. மடையை அடைக்க ஆளில்லாத வாய்க்கால் போல உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கிறது. எச்சில் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, நுரையீரலில் சளி சுரக்கும் இடங்கள் எல்லாம் ஓயாமல் சுரக்கின்றன. கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கும். மூச்சுக் கிளைக்குழாய்கள் இறுகிக்கொள்ளும். நாடி தளரும். தசைகள் முதலில் துடித்து, பிறகு சோர்ந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பக்கம் சளி பெருகுகிறது. மறுபக்கம் அதை இருமித் துப்பவும் விழுங்கவும் வேண்டிய தசை வேலை செய்வதில்லை. நினைவும் தப்பிவிட்டால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மூடுகிறது. மல்லாக்கப் படுக்க வைத்தால் சளி முழுவதும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். திரவ மருந்துகள் பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் கலந்திருப்பதால், வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் அங்கே புண்ணாகிக் கடுமையான நிமோனியா காணும்.

காட்டில் செய்ய வேண்டியது

உறிஞ்சு கருவி காட்டில் இருக்காது. ஆனால் அந்தக் கருவி செய்யும் வேலையில் பாதியைப் பூமியின் ஈர்ப்பே செய்துவிடும். ஆளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி முன்னால் ஊன்றி, முகத்தைத் தரைப்பக்கம் சற்றுச் சாய்த்துவிட வேண்டும். தலை உடம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம். முகவாயை மெல்ல மேலே தூக்கிவிட்டால் நாக்கு விலகி வழி திறக்கும். எச்சிலும் வாந்தியும் கடைவாய் வழியே தானாக வடியும். இதற்குக் காசு செலவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாயில் கண்ணுக்குத் தெரியும் சோற்றுப் பருக்கை, வெற்றிலைச் சக்கை, கழன்ற பல்செட்டு இருந்தால் துணி சுற்றிய விரலால் வழித்தெடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக் கூடாது. அடைப்பு இன்னும் உள்ளே போய்விடும். பல் கடித்துக்கொண்டால் கரண்டியோ இரும்போ செருகிப் பிரிக்க முயல வேண்டாம். பல் உடைந்து அதுவே மூச்சுப்பாதையில் விழும். தொடுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்வது அவசியம். நுரையிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். தோல் வழியாக அது உதவ வந்தவர் உடம்பிலும் ஏறும். அதே காரணத்தால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் கூடாது. மூச்சும் நாடியும் அறவே நின்றுவிட்டால் மட்டும் மல்லாக்கத் திருப்பி, நடுமார்பை அழுத்திவிட வேண்டும். எப்படி என்று 108 தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஆள் ஒருக்களித்துப் படுத்து மூச்சு விடுகிறார் என்று தெரிந்த பிறகு, நனைந்த சட்டை வேட்டியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தலைமுடியையும் நகக்கண்ணையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக்கரைசல் கொடுப்பதை அறவே விட்டுவிட வேண்டும். நினைவு மங்கிய ஆளுக்குக் கொடுக்கும் எந்தத் திரவமும் வயிற்றுக்குப் போகும் என்ற நிச்சயம் கிடையாது. பாலும் மோரும் முட்டை வெள்ளையும் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தல்ல. நல்ல எண்ணத்தில் ஊற்றிய ஒரு டம்ளர் மோரே நெஞ்சுக்குள் இறங்கி எமனாகிவிடும்.

108க்குப் போன் செய்யும்போதே “பூச்சி மருந்து, வாயில் நுரை” என்று சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. காட்டு வழி வண்டிக்காரருக்குத் தெரியாது என்பதால் ஓர் ஆளைத் தார் ரோட்டுக்கு அனுப்பி நிறுத்துவது நல்லது. வண்டி வரத் தாமதமாகும் என்றால் மொபெட் வேண்டாம். குட்டி யானை போன்ற சரக்கு வண்டியில் சாக்கு விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து முகவாயைப் பிடித்தபடி போகலாம்.

ஆம்புலன்ஸில் உறிஞ்சி எடுக்கும் முறை

ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் சளி உறிஞ்சும் கருவியும் உண்டு. கருவி என்பது ஒரு சிறு பம்பு, ஒரு ஜாடி, ஒரு ரப்பர்க் குழாய், முனையில் வளைந்த கெட்டியான பிளாஸ்டிக் குழல். இந்தக் குழலுக்கு யாங்கவர் குழல் என்று பெயர். நியூயார்க்கில் காது மூக்குத் தொண்டை மருத்துவராக இருந்த சிட்னி யாங்கவர் என்பவர் 1907 வாக்கில் இதை வடிவமைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை. முனை மொட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் தொண்டைச் சதையைக் கிழிப்பதில்லை.

மருத்துவ உதவியாளர் முதலில் கையுறை, முகக்கவசம் அணிவார். கருவியை ஓடவிட்டுக் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்ப்பார். அடைத்த 4 வினாடிக்குள் 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இழுவை ஏற வேண்டும் என்பது பொது அளவுகோல். கிணற்று மோட்டாரில் காற்று இழுத்தால் தண்ணீர் ஏறாதது போல, ஜாடியின் மூடி சரியாக இறுகாவிட்டால் இங்கும் இழுவை இருக்காது. பிறகு கடைவாயிலிருந்து காதுமடல் நுனி வரை குழலை வைத்து அளப்பார். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடம் வரைதான் குழலை விட வேண்டும் என்பது இதைவிடப் பெரிய விதி.

உள்ளே நுழைக்கும்போது இழுவை இருக்காது. குழலின் பக்கவாட்டுத் துளையைத் திறந்தே வைத்து, கன்னத்தின் ஓரமாகக் கொண்டுபோய், அதன் பிறகுதான் துளையை விரலால் மூடுவார்கள். இழுத்தபடியே வெளியே எடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் போகக் கூடாது. குழந்தைக்கு 10, கைக்குழந்தைக்கு 5 வினாடி. எடுத்ததும் ஆக்சிஜன் கொடுப்பார்கள். குழாயில் சுத்தத் தண்ணீரை உறிஞ்சவிட்டுக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். சோறும் பருக்கையுமாக வாந்தி வந்தால் குழல் அடைத்துக்கொள்ளும். அப்போது கருவியோடு மல்லுக்கட்டாமல் ஆளைப் பக்கவாட்டில் திருப்பிக் கையால் வழித்துவிட்டுப் பிறகு உறிஞ்ச வேண்டும்.

ஏன் நிறுத்தி நிறுத்தி எடுக்கிறார்கள்?

வண்டியில் கூட வரும் உறவினர்கள் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். நுரை இன்னும் வந்துகொண்டிருக்க, உதவியாளர் குழலை வெளியே எடுத்து வைத்துவிட்டாரே என்று கத்துவார்கள். அவர் செய்வது சரி.

குழல் சளியை மட்டும் இழுப்பதில்லை, நெஞ்சில் இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் சேர்த்தே இழுக்கிறது. உறிஞ்சும் நேரத்தில் ஆளுக்கு மூச்சும் கிடையாது, ஆக்சிஜனும் கிடையாது. சுகமாக இருப்பவர் மூச்சை அடக்கி 15 வினாடி தாக்குப்பிடிப்பது வேறு, ஏற்கெனவே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர் தாக்குப்பிடிப்பது வேறு. ஆழமாகக் குத்தினால் ஓங்கரிப்பு வந்து மேலும் வாந்தி எடுப்பார், குரல்வளை இறுகி வழியே அடைபடலாம், சதை கிழிந்து ரத்தம் வடியலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. தொண்டையின் பின்பகுதியைத் தூண்டினால் இதயத் துடிப்பைக் குறைக்கும் நரம்பு விழித்துக்கொள்ளும். இந்த நஞ்சு ஏற்கெனவே நாடியைத் தளர்த்தி வைத்திருக்கிறது. மேலும் தளர்ந்தால் இதயம் நின்றே போகலாம். நாடி விழுவதைக் கண்டால் அனுபவமுள்ளவர் உடனே குழலை எடுத்துவிட்டு ஆக்சிஜன் கொடுப்பார்.

உறிஞ்சுவதால் மட்டும் ஆள் பிழைக்க மாட்டார் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஊற்றுக்கண் திறந்த கிணற்றை எத்தனை நேரம் இறைத்தாலும் மறுபடி ஊறும். ஊற்றை அடைப்பது அட்ரோபின் ஊசி. நெஞ்சில் கொரகொரப்பு அடங்கி, அக்குள் உலர்ந்து, நாடி ஏறும் வரை டாக்டர்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவை இரட்டிப்பாக்கிக் கொடுப்பார்கள். சளி உறிஞ்சுவது அதுவரை ஆளைத் தாங்கிப் பிடிக்கும் வேலை. அந்த ஊசிக்குப் பிறகு சிலர் நாக்கு வறண்டு பிதற்றுவதும், போர்வையைப் பிய்ப்பதும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதும் உண்டு. பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லாமல் தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

வயிற்றைக் கழுவுங்கள் என்று வாசலிலேயே வற்புறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. நினைவில்லாதவருக்கு மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வழியைப் பத்திரப்படுத்தாமல் வயிற்றைக் கழுவினால், கழுவின தண்ணீரே நுரையீரலுக்குள் போகும். முதலில் மூச்சு, பிறகு அட்ரோபின், அதன் பிறகுதான் வயிறு.

டப்பாவும் உண்மையும் கூடவே போக வேண்டும்

மருந்து டப்பாவை, அல்லது அதன் லேபிளையாவது, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். லேபிளில் சாய்சதுரக் கட்டத்தின் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. மாற்று மருந்தும் அதிலேயே அச்சிட்டிருக்கும். எல்லா நஞ்சுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைக் குடித்தவருக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். அது எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வார். பிராந்தி பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் மருந்தை ஊற்றி வைக்கும் வீட்டில் லேபிளும் இருக்காது, குழந்தை எடுத்துக் குடிக்கும் ஆபத்தும் இருக்கும்.

தெரிந்தே குடித்தவராக இருந்தால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து, வயிற்று வலி என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பொய்யால் அட்ரோபின் தாமதப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவும் இடம்பெறவில்லை. கடன் தொல்லையிலோ குடும்பச் சண்டையிலோ மனம் உடைந்திருப்பவர் எந்த நேரமும் 104க்குப் போன் செய்து பேசலாம்.

இரண்டாம் நாள் தலையணை

ஆத்தூர், ராசிபுரம் போன்ற ஊர் ஆஸ்பத்திரிகளில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைக்கோ அனுப்பினால் தயங்காமல் போக வேண்டும். வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்பதே காரணம். மறுநாள் ஆள் எழுந்து பேசுகிறார், செலவு ஏன் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது பெரிய தவறு.

இலங்கையின் பேராதனையில் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரண்டு டாக்டர்கள் 1987இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். முதல் கண்டம் தாண்டிய சிலருக்கு, நஞ்சு ஏறி ஒரு நாளிலிருந்து நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துவிடுகின்றன. சளி கட்டியிருக்காது, நுரை இருக்காது. மூச்சு மட்டும் மெல்ல மெல்ல மேலோட்டமாகிக்கொண்டே போகும்.

அப்படி ஆனால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பார்கள். அங்கே சளி உறிஞ்சும் முறை வேறு. கெட்டிக் குழலுக்குப் பதில், மூச்சுக்குழாயில் போட்ட குழாயின் உள்வட்டத்தில் பாதிக்கு மேல் தடிமன் இல்லாத மெல்லிய ரப்பர்க் குழாய். இழுவையும் 80லிருந்து 120 மில்லிமீட்டர் அளவுதான், கெட்டிச் சளிக்கு 150 வரை போவார்கள். நுரையீரலுக்கு நேராகப் போகும் வழி என்பதால் எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நர்ஸ் சுத்தமான கையுறையோடு நிற்கும்போது அந்தக் குழாயை உறவினர் தொட்டுப் பார்ப்பது நல்லதல்ல.

கட்டிலருகே காவல் இருப்பவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதல் நான்கு நாளும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை, மல்லாக்கப் படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கலாம். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் திணறினாலோ, குரல் மூக்கில் பேசுவது போல மாறினாலோ, ஒரு மடக்கு விழுங்கத் தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே நர்சைக் கூப்பிட வேண்டும்.